போதமலைக்கு ஒரு பூட்டு

ராசிபுரத்தில் விழா மலர் போடாத சங்கம் இல்லை. விளம்பரம் போக மிச்சமிருக்கும் பக்கங்களை நிரப்ப யாராவது ஒரு கட்டுரை எழுத வேண்டும்; இந்த வருஷம் அந்த இடம் சுற்றுச்சூழலுக்குக் கிடைத்திருக்கிறது. அப்படி ஒரு மலரில் வந்த கட்டுரையை நான்கு பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் இரண்டு பேர் கும்பிடு பொம்மையும் சேர்த்து அனுப்பினார்கள். மலர்க் கட்டுரைக்கெல்லாம் மறுப்பு எழுதுவதா என்று ஒரு வாரம் சும்மா இருந்தேன். அதில் சொல்லியிருப்பதைத் தீர்மானமாக்கிக் கலெக்டரிடம் மனுவாகக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் சொல்வது இவ்வளவுதான். ராசிபுரத்தைச் சுற்றியிருக்கும் மலைகள் மொட்டையாகிவிட்டன. பூமி சூடேறுகிறது. ஆகவே போதமலை, அலவாய்மலை, கொல்லிமலை அடிவாரம் முழுக்க வேகமாக வளரும் மரங்களை நெருக்கி நட்டு, எப்போதும் பச்சையாக இருக்கும் காடாக மாற்ற வேண்டும். மலைக்கிராமத்து மக்களைக் கீழே கொண்டுவந்து குடிவைத்து, ஆடு மாடு ஏறாமல் தடுத்து, தீ என்பதே இல்லாமல் செய்து, காட்டைப் பூட்டிவிட வேண்டும். பிறகு மழை தானாக வரும்; நம் தாலுகாவும் 33 சதவீத வனப்பரப்பு இலக்கை எட்டிவிடும்.

மனிதருக்கு ஊர் மேல் அக்கறை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. வெயில் கூடியிருக்கிறது, ஏரிகள் வறண்டு கிடக்கின்றன என்று அவர் எழுதியிருப்பதும் உண்மை. ஆனால் நோய் சரியாகத் தெரிந்தவர் எல்லாம் வைத்தியர் ஆகிவிட முடியாது.

பங்குனியில் சேலம் நெடுஞ்சாலையில் காரில் போகும்போது போதமலையைப் பார்த்து அவருக்கு மனம் உடைந்துவிட்டதாம். மலை முழுக்கப் பழுப்பு. பச்சை இலையே இல்லை. காடு செத்துவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். ஐயா, அது செத்த காடு அல்ல, தூங்குகிற காடு. தூங்குகிறவனைப் பார்த்துவிட்டுப் பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கத்துச் சரிவுகளில் இருப்பது இலையுதிர் காடும் முள்காடும். உசிலை, வெள்வேல், வெட்பாலை, புரசு, கருங்காலி என்று அதில் இருக்கும் மரங்களில் பெரும்பாலானவை தை, மாசியிலேயே இலையைக் கழிக்க ஆரம்பிக்கும். இலை இருந்தால் அதன் வழியே நீர் போய்க்கொண்டே இருக்கும். வருமானம் நின்றுபோன வீட்டில் செலவை நிறுத்துவது போல, மண்ணில் ஈரம் நின்றதும் மரம் இலையை நிறுத்திவிடுகிறது. வருஷத்துக்கு எழுநூறு, எழுநூற்றைம்பது மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊரில், அதிலும் பாதிக்கு மேல் நாலைந்து மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிற ஊரில், பல ஆயிரம் ஆண்டு பழகிப் பழகிக் கண்டுபிடித்த சிக்கனம் அது. கட்டுரையாளர் வீட்டிலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அரப்புத் தூள் இருக்கும். அந்த அரப்பு உசிலை இலைதான். தலையில் தேய்க்கும் வரை பயன்பட்ட மரம், மலையில் நிற்கும்போது மட்டும் அவர் கண்ணுக்கு மொட்டையாகிவிட்டது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தக் கோடையை ராசிபுரத்துக்காரர் யாரும் மறந்திருக்க முடியாது. ஆயிரம் அடி போர் போட்டவர்களுக்கும் புகைதான் வந்தது. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியும் தென்னை கொண்டை சாய்ந்தது. வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகள் காய்ந்தன. மலைச்சரிவில் உசிலைக்கு யார் போய் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள்? யாருமில்லை. முதல் கோடை மழை விழுந்த பத்தாம் நாள் அது துளிர்த்துக்கொண்டு நின்றது. பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் காடு வேண்டும் என்று ஆறு பக்கம் எழுதியவர், தாங்கிக் காட்டிய காட்டைத்தான் பெயர்த்தெடுக்கச் சொல்கிறார்.

தாங்குவது என்றால் என்ன என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. அவருக்குத் தாங்கும் காடு என்பது எப்போதும் பச்சையாக, நெருக்கமாக, ஒரே உயரத்தில் நிற்பது. அதாவது ஒரு பூங்கா. எனக்குத் தெரிந்து, தாங்குவது என்றால் அடி வாங்கிவிட்டு எழுந்து நிற்பது. அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்று இப்போது சொல்ல முடியவில்லை: ஒரு வருஷம் மழையே இல்லை, அடுத்த வருஷம் ஒரு மாத மழை ஒரு ராத்திரியில், நடுவில் ஒரு பூச்சி, ஒரு புயல். அடி எதுவென்று தெரியாதபோது ஒரே வகை மரத்தை நம்பி நிற்பது சூதாட்டம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறிய பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய் வந்தவர்களைக் கேளுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தென்னை படுத்துக் கிடக்க, இடையிடையே பனை மட்டும் நின்றுகொண்டிருந்தது. ஒற்றைப் பயிராகத் தென்னையை வைத்திருந்தவர்களுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போயிற்று.

இனி மழைக்கு வருவோம். மரம் நட்டால் மழை வரும் என்பது பள்ளிக்கூடச் சுவரில் எழுதுவதற்கு நல்ல வாசகம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ராசிபுரத்துக்கு வரும் மழை வங்காள விரிகுடாவில் கருக்கொண்டு வருவது. போதமலையில் எத்தனை மரம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அது புறப்படுவதில்லை. காடு செய்கிற வேலை வேறு: விழுந்த மழையைச் சரிவில் ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கி, ஓடையில் மாசி வரைக்கும் கசியவிடுவது. அந்த வேலையை எந்த மரமும் செய்யும் என்று நினைத்தால் நீலகிரியைப் பார்க்க வேண்டும். உதகைக்கு அருகே கிளென்மார்கனில் மத்திய மண், நீர்வள ஆராய்ச்சிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றொன்றின் ஒரு பகுதியில் தைலமரம் வைத்தார்கள். முதல் பத்தாண்டில் தைலமரப் பக்கத்திலிருந்து வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். மழை கொட்டும் நீலகிரியிலேயே இந்தக் கதை. ராசிபுரத்துக் கல்லாங்குத்துச் சரிவில் வேகமாக வளரும் மரம் எதைக் குடித்து வேகமாக வளரும்? அடிவாரத்துக் கிணற்றைத்தான்.

நெருக்கி நடுவதற்கு அவர் ஜப்பானியர் அகிரா மியாவாக்கியைத் துணைக்கு அழைக்கிறார். சதுர மீட்டருக்கு மூன்று கன்று, மூன்று வருஷத்தில் காடு என்று கணக்குச் சொல்கிறார். ஜப்பானில் பெய்யும் மழை நம்முடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அதைவிட, மியாவாக்கி வாழ்நாள் முழுக்க வற்புறுத்தியது அந்தந்த மண்ணில் இயல்பாக வளரக்கூடிய மரங்களைத்தான். கோயில் தோப்புகளைப் பார்த்து அதைக் கற்றுக்கொண்டவர் அவர். நம்மூர்ச் சங்கங்கள் அவரிடமிருந்து நெருக்கத்தை எடுத்துக்கொண்டு மண்ணை விட்டுவிட்டன. நகராட்சி இடத்தில் பத்து சென்ட்டில், சொட்டுநீர் போட்டு அப்படி ஒரு தோப்பு வைத்தால் நிழல் கிடைக்கும், நானும் கைதட்டுவேன். மலை முழுக்க யார் குழாய் போடுவது?

33 சதவீதம் என்ற எண்ணுக்குக் கட்டுரையில் ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருக்கிறார். ஏதோ பூமி உருண்டை சுற்றுவதற்கே அந்த விகிதம் தேவை என்பது போல எழுதியிருக்கிறார். மூன்றில் ஒரு பங்கு என்பது 1952ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை வைத்த இலக்கு. 1988ஆம் ஆண்டுக் கொள்கை அதைத் திரும்பச் சொன்னது. அதுவும் நாட்டுக்கு மொத்தமாக. 1952ஆம் ஆண்டுக் கொள்கையே மலைப்பகுதிக்கு 60, சமவெளிக்கு 20 என்றுதான் பிரித்துப் போட்டிருந்தது. ராசிபுரம் தாலுகாவுக்குத் தனியாக 33 என்று எந்தக் கொள்கையும் விதிக்கவில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து பத்தாண்டில் 33 ஆக்குவதாகச் சொல்கிறது. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். வித்தியாசம் 9.3 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12,000 சதுர கிலோமீட்டர்: மூன்றரை நாமக்கல் மாவட்டம். அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டாம் என்பதுதான் இதில் வேடிக்கை. இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் காடு என்று எதைக் கணக்கெடுக்கிறது தெரியுமா? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடம், அதில் மரக்கிளை விரிவு 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் போதும். நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்று அது கேட்பதில்லை. தென்னந்தோப்பு காடு. தைலமரத் தோட்டம் காடு. கொல்லிமலைச் சில்வர் ஓக்கும் காடுதான். போதமலையின் புல்லும் புதரும் கலந்த சரிவை வழித்தெடுத்துத் தைலமரம் வைத்தால் அடுத்த அறிக்கையில் ராசிபுரத்தின் வனப்பரப்பு கூடியிருக்கும். கட்டுரையாளர் பொன்னாடை போர்த்திக்கொள்ளலாம். காடு மட்டும் இருக்காது.

இந்த எண்ணிக்கை மயக்கம் நம்மூரோடு நிற்பதில்லை. 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது: உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது, அதனால் 205 கிகா டன் கரியைப் பிடித்துவைக்கலாம் என்று. உலகமே அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. புல்வெளிகளையும் மரம் விரவிய வெளிகளையும் வெற்றிடமாக எண்ணிவிட்டீர்கள், கரிக் கணக்கும் மிகை என்று பல நாட்டு அறிவியலாளர்கள் அதே இதழில் மறுத்தார்கள். கடைசியில் ஆய்வாளர்களே திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. நம் கட்டுரையாளர் ஆய்வைப் படித்திருக்கிறார். திருத்தம் அவர் வாட்ஸ்அப்புக்கு வரவில்லை போலிருக்கிறது.

தீ விஷயத்தில் அவர் எழுதியிருப்பதுதான் கட்டுரையிலேயே ஆபத்தான பகுதி. மலைக்காரர்கள் புல்லுக்காகக் கொளுத்துகிறார்கள், கொளுத்துகிறவனைப் பிடித்து உள்ளே போட்டால் காடு தப்பும் என்கிறார். கோடை ராத்திரிகளில் மாடியில் படுத்திருக்கும்போது மலையில் சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்து போவதை நானும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் எல்லாத் தீயும் ஒரே தீ அல்ல. வடுகம் அடிவாரத்தில் சந்தைக்கு இறங்கி வந்த பெரியவர் ஒருவரிடம் ஒரு தடவை இதைக் கேட்டேன். “தையில எரிஞ்சா கணுக்கால் உசரம்தாங்க எரியும். சருகு போகும், உண்ணி சாகும், பத்து நாள்ல புல்லு துளுக்கும். சித்திரையில எரிஞ்சா நாங்களே ஓடிப் போயிருவோம். அது மரத்து மேல ஏறிரும்” என்றார். மூன்றே மாத வித்தியாசம். ஒன்று வீட்டைக் கூட்டுவது, இன்னொன்று வீட்டைக் கொளுத்துவது.

பெரியவர் பேச்சை நம்ப வேண்டாம் என்றால் சத்தியமங்கலத்துக்கு அப்பால் இருக்கும் பிலிகிரிரங்கன் மலைக்குப் போகலாம். அங்கே சோளகர் பழங்குடியினர் கோடையின் தொடக்கத்தில் சருகுத் தீ வைப்பதை வழக்கமாக வைத்திருந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்று பெயர். 1974இல் சரணாலயமாக அறிவித்த பிறகு தீ குற்றமாயிற்று. அதற்குப் பின் நடந்ததை ஆய்வாளர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். 1997இல் ஆய்வுத் திடல்களில் 41 சதவீதத்தில் இருந்த உண்ணிச்செடி 2008இல் 81 சதவீதத்தில் இருந்தது. அடித்தரையில் புல் போய், இளங்கன்றுகள் போய், ஆளுயரத்துக்கு ஒரே முள் புதர். நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் தீ நின்றதே காரணம் என்று சோளகர்கள் சொன்னார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்து ஆராய்ந்தார்கள். அப்படி அடைந்துபோன புதரில் ஒரு நாள் தீப்பிடித்தால் கணுக்காலோடு நிற்குமா? அமெரிக்காக்காரன் இந்தப் பாடத்தை நம்மைவிட அதிக விலை கொடுத்துப் படித்தான். 1910இல் பெருந்தீ ஒன்றைக் கண்டு பயந்து, 1935இல் எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று விதி போட்டான். அணைத்து அணைத்துச் சருகைச் சேர்த்து வைத்தான். இன்று கலிபோர்னியாவில் கரூக், யூரோக் பழங்குடிகளைக் கூப்பிட்டு, உங்கள் பாட்டன்மார் எப்படிக் கொளுத்தினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

குரங்கணியைக் காட்டி அவர் கேட்கிறார்: 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டத்தில் மலையேறப் போனவர்கள் கருகியதை மறந்துவிட்டீர்களா என்று. மறக்கவில்லை. 23 உயிர் போன இடத்தை வைத்து வாதம் ஜெயிக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மாசி கடைசியில், ஆளுயரப் புல் முழுக்கக் காய்ந்து, காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. அந்த நிலைக்குப் புல்லை விட்டுவைக்கக் கூடாது என்பதே தையில் கொளுத்துகிறவன் கட்சி. வனத்துறையும் இது தெரியாமல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் கோடைக்கு முன்னால் துறையே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, எரித்து வைக்கிறது. அதற்குக் கூலிக்கு வைப்பதும் பெரும்பாலும் மலைக்காரர்களைத்தான். கூலி வாங்கிக்கொண்டு எரித்தால் மேலாண்மை, வாங்காமல் எரித்தால் குற்றம்.

மலையில் வரும் தீ எல்லாம் நல்ல தீ என்று நான் வாதிடவில்லை. பீடித் துண்டு, சாலையோரக் குடிகாரர்கள், வேண்டுமென்றே சித்திரையில் வைக்கும் விஷமத் தீ எல்லாம் இருக்கிறது. ஆடு அளவு மீறி மேய்ந்த சரிவும் இருக்கிறது. ஆனால் வெள்வேல் காயைத் தின்று, விதையைப் பதப்படுத்தி, எருவோடு சேர்த்துப் புது இடத்தில் போட்டுவிட்டு வருவதும் அதே ஆடுதான். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் வெள்வேலும் கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் மாடும் சேர்ந்து எத்தனை தலைமுறையாக வறட்சியைத் தாண்டி வந்திருக்கின்றன! மேய்ச்சலை அளவுக்குள் வைப்பது மேலாண்மை. அடியோடு தடுத்துவிட்டுப் புதர் மண்டியதும் புதர் வெட்ட டெண்டர் விடுவது வேறு தொழில்.

அடுத்தது அந்தப் பூட்டு. மலைக்கிராம மக்களைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டார்! போதமலையில் கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்கு இயந்திரம் தலைச்சுமையாக ஏறிப் போனதைப் பத்திரிகைகள் படம் போட்டன. பிரசவ வலி வந்த பெண்கள் தொட்டில் கட்டித் தூக்கப்பட்டு இறங்கியதை அதே அளவுக்குப் போடவில்லை. சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் அந்த மக்கள் சாலை என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, இறங்குங்கள் என்கிறார். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. காட்டில் வாழ்கிறவனுக்கு நிலத்தில் மட்டுமல்ல, காட்டைக் காப்பதிலும் நிர்வகிப்பதிலும் அது உரிமை கொடுத்திருக்கிறது. பிலிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் 2011இல் அந்தச் சமூக உரிமையைப் பெற்றார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் பல ஆண்டுகள் வழக்கில் முடங்கிக் கிடந்தது தனிக் கதை.

காட்டை அழித்தவர்கள் மலையாளிகள் என்று அவர் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார். (வெளியூர் வாசகருக்கு: இவர்கள் கேரளத்துக்காரர்கள் அல்லர், எங்கள் மலைகளில் வாழும் தமிழ் பேசும் பழங்குடிகள்.) வரலாற்றை அவருக்கு நினைவூட்டியாக வேண்டும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வருஷக்கணக்கில் பாக்சைட் வெட்டியது யார்? மலைத்தலையில் பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் செம்மண் தொப்பியை லாரியில் ஏற்றி இறக்கியது கெடமலைக்காரனா? சந்தனத்தை வெட்டிக் கடத்தியதற்குக் கூலியாளைப் பிடித்தார்கள்; வாங்கிய கை எது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தனத்தைத் தேடுவதாகச் சொல்லித்தான் 1992 ஜூன் 20ஆம் தேதி சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்திக்குள் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011இல் தருமபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த ஊர்க்காரர்களும் இதே மலையாளிகள்தான். காட்டைப் பூட்டிச் சாவியைத் துறையின் கையில் கொடுங்கள் என்று எழுதுகிறவர் எழுதும் முன் ஒரு நடை வாச்சாத்தி இருக்கும் அரூர்ப் பக்கம் போய் வந்திருக்கலாம்.

சமவெளியின் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் என் குடும்பத்துக்கும் கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் கப்பல் நின்று, வெளியிலிருந்து ஜவ்வரிசி வராமல் போனபோது, 1943 வாக்கில் சேலத்தில் அதைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை என்று சேகோ மில் இல்லாத திசை இல்லை. மில்லுக்குக் குச்சிக்கிழங்கு வேண்டும். கீழே பயிரிட்டது போதாமல் கிழங்கு கொல்லிமலைக்கு ஏறியது. சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த கொல்லைகள் கிழங்குக்கு மாறின. அந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்றுவதற்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷம் மலையில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. கிழங்கு பிடுங்கும்போது மண்ணையும் கிளறித்தான் எடுக்க வேண்டும்; சரிவில் கிளறிய மண் அடுத்த மழையில் ஓடையில் இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று பேர் படித்தது கிழங்குக் காசில். அதனால் மலைக்காரனை நோக்கி விரல் நீட்ட எனக்குக் கூசுகிறது. விழா மலரின் பின்னட்டை முழுப் பக்க விளம்பரம் யாருடையது என்று பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம்.

மலைக்காரர்கள் சில்வர் ஓக் வைக்கிறார்கள், நாட்டு மரம் வைப்பதில்லை என்ற குற்றச்சாட்டு உண்மை. ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டிருந்தால் உருப்படியான ஒரு கட்டுரை எழுதியிருப்பார். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஈட்டிக்கென்று 1994இல் தனிச் சட்டம் வந்தது. சந்தனத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தன் நிலத்தில் தானே வளர்த்த ஈட்டியை வெட்ட ஒருவன் எத்தனை மேசைக்கு நடக்க வேண்டியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். சில்வர் ஓக்கில் அந்த அளவுக்குத் தொல்லை இல்லை. மிளகுக் கொடியும் ஏறிக்கொள்ளும், வியாபாரி வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பான். காட்டு மரம் கன்றாக முளைத்தால் சத்தமில்லாமல் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று ஒருவனை நினைக்க வைத்த சட்டம், காட்டைக் காக்க வந்த சட்டம்! பூட்டின் மேல் பூட்டுப் போட்டதில் கிடைத்த பலன் இதுதான்.

அப்படியானால் நீ என்ன செய்வாய் என்று கேட்பார். முதலில் எதையும் நட மாட்டேன். போதமலைச் சரிவில் உயிரோடிருக்கும் வேர்க்கட்டைகளை எண்ணுவேன். வெட்டுப்பட்ட உசிலையும் வெள்வேலும் விட்டால் தாமாகத் தழைக்கும். ஏற்கெனவே முப்பது வருஷத்து வேரோடு இருக்கும் மரம் நர்சரிக் கன்றைவிடக் கெட்டி. உண்ணிச்செடியையும் சீமைக் கருவேலத்தையும் வேரோடு எடுக்க வைப்பேன், அந்தக் கூலி மலை ஊர்களுக்குப் போகும்படி. முதுமலையில் மஞ்சள் கொன்றையை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். அழகுக்கும் நிழலுக்கும் என்று ஒரு காலத்தில் வைத்த மரம் இன்று காட்டையே மூடியதால் 2022இல் அயல் தாவரங்களை ஒழிக்க மாநில அரசு தனிக் கொள்கையே வகுக்க வேண்டி வந்தது. வேகமாக வளரும் மரங்களின் வம்சாவளி அப்படிப்பட்டது. எந்தச் சரிவில், எந்த வாரம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துத் தையில் எரிப்பதைக் கிராமசபையும் வனவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யட்டும். புல்வெளியைப் புல்வெளியாகவே விடுவேன். விதை இல்லாத இடத்தில் மட்டும், அந்த மலையிலேயே பொறுக்கிய விதையை, புரட்டாசியில் ஊன்றுவேன். இதில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரிகிறது.

ரிப்பன் என்றதும் நினைவு வருகிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று அடிவாரத்தில் கன்று நடும் விழா ஒன்று நடந்தது. வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கும் நாள் அது. அடுத்த நல்ல மழைக்கு ஆவணியாவது வர வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊரில் இங்கிலீஷ் காலண்டர் பார்த்துக் குழி வெட்டினார்கள். ஒரு டேங்கர் தண்ணீர் வந்தது, போட்டோ எடுக்கும் வரை. ஐந்து மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். குழிகள் வரிசை தப்பாமல் இருந்தன, கன்றுகள் இல்லை. நட்டவர்கள் பெயரெல்லாம் எழுதிய இரும்புப் பலகை மட்டும் நன்றாக ஊன்றி நின்றது. அதன் விளிம்பில் ஓர் ஆடு கண்ணை மூடிக்கொண்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.